பத்தாண்டு காத்திருப்பு: வென்ச்சர் கேப்பிட்டல் தொழிலில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வென்ச்சர் கேப்பிட்டல் என்பது பிறர் பணத்தைத் திரட்டி, வளரத் துடிக்கும் புது நிறுவனங்களில் பங்குக்காகப் போடும் தொழில். அந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம், முதலீட்டு முடிவுகளை எடுக்கும் ஒரு மூத்த பார்ட்னரிடம், "நான் செய்யும் முதலீடுகள் சரியா தப்பா என்று எப்போது சார் தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "எட்டு வருடம் போகட்டும். அப்போதும் பாதிதான் தெரியும்" என்றார். அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அவர் உள்ளபடியே கணக்குப் பார்த்துத்தான் சொன்னார் என்பது புரிய எனக்கு நாலைந்து வருடம் பிடித்தது.

பெரும்பாலான வேலைகளில் இவ்வளவு தாமதமாகத் தீர்ப்பு வருவதில்லை. அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இங்கே, இன்று எடுத்த முடிவு சரிதானா என்று தெரிவதற்குள் தலை நரைத்துவிடும். அந்த இடைவெளியில்தான் பலர் உடைந்து போகிறார்கள். நல்ல கண் உள்ளவர்கள், நிறுவனர்கள் நம்பிப் பேசக்கூடியவர்கள், தீர்ப்பு வருமுன்பே கிளம்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் அவர்களில் அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் இருக்கலாம், பன்னிரண்டு வருடம் இருக்க முடியாது. பணத்திலும் பழக்கத்திலும் உறவிலும் முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடுதான் ஒருவரை நிலைக்க வைக்கிறது. அந்த ஏற்பாட்டை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வயதையும் ஃபண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு வென்ச்சர் ஃபண்டின், அதாவது இப்படித் திரட்டிய பணத்தொகுப்பின், ஆயுள் வழக்கமாக 10 வருடம். முதல் மூன்று முதல் ஐந்து வருடங்களில் புது முதலீடுகள் நடக்கும். மீதிக் காலம் அந்த நிறுவனங்களுக்கு மேலும் பணம் போடுவது, அவற்றின் போர்டில் (இயக்குநர் குழுவில்) உட்கார்வது, கடைசியில் விற்று வெளியேறுவது. 10 வருடத்தில் முடியாவிட்டால் ஒவ்வொரு வருடமாக இரண்டு முறை நீட்டிக்க ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் இடம் இருக்கும். அதையும் தாண்டி இழுத்துக்கொண்டு போகும் ஃபண்டுகள் ஏராளம்.

யாரும் ஒரு ஃபண்டோடு நிற்பதில்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது வருடவாக்கில் முதல் ஃபண்டின் பணம் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுவிடும். உடனே இரண்டாவது ஃபண்டுக்காக எல்பிகளிடம் போய் நிற்க வேண்டும். ஃபண்டுக்குப் பணம் தரும் ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக நிதிகள், பெரும் செல்வக் குடும்பங்கள் போன்றவர்களைத்தான் எல்பி என்கிறோம். ஆறாவது வருடம் மூன்றாவது ஃபண்ட். முதல் ஃபண்டின் விளைச்சல் கைக்கு வருமுன்பே மூன்றாவது ஃபண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

ஒரு தாளில் இரண்டு வரிசை போடுங்கள். ஒரு பக்கம் ஃபண்டின் வருடங்கள், இன்னொரு பக்கம் உங்கள் வயது. 34 வயதில் முதல் ஃபண்டில் பார்ட்னர் ஆனால் 40 வயதில் மூன்றாவது ஃபண்ட் தொடங்கும், இரண்டு நீட்டிப்பும் சேர்ந்து அது முடியும்போது உங்களுக்கு 52. அந்தக் காலத்தில் பெற்றோருக்கு என்ன வயது, பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஃபண்ட் ஒப்பந்தங்களில் 'கீ பர்சன்' என்று ஒரு விதி உண்டு. அதில் பெயர் உள்ளவர் விலகினால் புது முதலீடுகளே நிறுத்திவைக்கப்படலாம். உங்கள் பெயர் அதில் ஏறினால், நினைத்த நேரத்தில் வேலையை விடும் சுதந்திரம் போய்விட்டது என்று பொருள். அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே இந்தத் தாளை வாழ்க்கைத் துணையோடு உட்கார்ந்து போடச் சொல்கிறேன்.

இந்தத் தொழில் தொடங்கிய நாளிலிருந்தே கதை இப்படித்தான். 1946-ல் ஜார்ஜ் டோரியோ முன்னின்று தொடங்கிய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மெண்ட் நிறுவனம் 1957-ல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டது. அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது 1966-ல். டோரியோவின் நிறுவனம் தனித்து இயங்கிய 26 வருடங்களில் ஈட்டிய லாபத்தில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஒரே முதலீட்டிலிருந்து வந்தது. அந்த முதலீட்டைச் செய்யுமுன்னரே முதல் 11 வருடங்கள் போய்விட்டிருந்தன.

இரண்டாம் படி: கேரியை மறந்துவிட்டுக் குடும்பக் கணக்கைப் போடுங்கள்

கேரி என்பது ஃபண்டின் லாபத்தில் நிர்வாகிகளுக்கு வரும் பங்கு. வழக்கமாக 20 சதவீதம். சம்பளம் வருவது நிர்வாகக் கட்டணத்திலிருந்து, அந்தக் கட்டணம் வருடத்துக்கு ஃபண்டின் அளவில் சுமார் 2 சதவீதம். கேரியை நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எண்களைக் கடைசிவரை போட்டுப் பார்ப்பதில்லை. இங்கே போட்டுப் பார்ப்போம்.

10 கோடி டாலர் ஃபண்ட் ஒன்று. அது நன்றாக நடந்து, மொத்தம் 30 கோடி டாலராகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பெரும்பாலான ஃபண்டுகள் தொடாத உயரம். லாபம் 20 கோடி, கேரி 4 கோடி. இளநிலையில் சேர்ந்த உங்களுக்கு அதில் 1 சதவீதம் என்றால் 4 லட்சம் டாலர். பணம் வருவது பெரும்பாலும் எட்டாவது வருடத்துக்குப் பிறகு. 10 வருடத்துக்கு வகுத்தால் வருடத்துக்கு 40,000 டாலர், அதுவும் வரிக்கு முன். அந்தப் பங்கு வருடத்துக்குக் கொஞ்சமாகத்தான் உங்களுக்கு உறுதியாகும், இடையில் விலகினால் உறுதியாகாத பகுதி போய்விடும். பல ஃபண்டுகளில் எல்பிகள் போட்ட முழுப் பணமும் திரும்பிய பிறகே கேரி தொடங்கும். முன்பே வாங்கியிருந்து, ஃபண்ட் பின்னால் சரிந்தால், திருப்பித் தரவும் வேண்டியிருக்கும். ஃபண்ட் சாதாரணமாக நடந்தால் கேரியே இல்லாமலும் போகலாம்.

பார்ட்னர் ஆன பிறகு இன்னொரு சுமை சேரும். ஃபண்டில் நிர்வாகிகளும் தங்கள் சொந்தப் பணத்தைப் போட வேண்டும். வழக்கமாக ஃபண்டின் அளவில் 1 முதல் 2 சதவீதம், சில இடங்களில் அதற்கு மேல். 10 கோடி ஃபண்டில் 2 சதவீதம் என்றால் 20 லட்சம் டாலர். நாலு பார்ட்னர்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 5 லட்சம். முதல் ஃபண்டிலிருந்து ஒரு காசு வருமுன்பே இரண்டாவது ஃபண்டுக்கும் இதே போல் போட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பணக்காரத் தொழில். உள்ளே இருப்பவர் பல வருடம் கையில் காசில்லாமல் தாளில் மட்டும் சொத்து வைத்திருப்பவர்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. வீட்டுச் செலவு முழுக்கச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். கேரியை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். குறைந்தது ஒரு வருடச் செலவைத் தனியாக எடுத்துவையுங்கள். இதில் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டில் பணநெருக்கடி உள்ளவர் போர்டு கூட்டத்தில் நிறுவனத்துக்காக முடிவெடுப்பதில்லை, தன் நெருக்கடிக்காக முடிவெடுக்கிறார். வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனத்தைச் சீக்கிரம் விற்கச் சொல்வார். அவருக்கே அது தெரியாது.

மூன்றாம் படி: பதர் முதலில் தெரியும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்ற பழமொழி இந்தத் தொழிலில் செல்லாது. இங்கே முளையில் தெரிவதெல்லாம் பதர் மட்டும்தான். விளையும் பயிர் தெரிய ஏழெட்டு வருடம் ஆகும்.

இதற்குக் காரணம் பணம் போடும் முறையிலேயே இருக்கிறது. ஆரம்ப ரவுண்டில், அதாவது முதலீடு திரட்டும் முதல் சுற்றில், ஒரு ஸ்டார்ட்அப்புக்குத் தரும் பணம் பொதுவாக 18 முதல் 24 மாதச் செலவுக்குக் கணக்கிட்டுத் தரப்படுவது. ஓடாத நிறுவனத்துக்கு அடுத்த ரவுண்டு கிடைக்காது, எனவே இரண்டு மூன்று வருடத்தில் மூடிவிடும். ஓடுகிற நிறுவனத்துக்கு மேலும் பணம் கிடைக்கும், ஆகவே அது வெளியேறும் நாள் தள்ளிக்கொண்டே போகும். தோல்விகள் முன்வரிசையில் வந்து நிற்க, வெற்றிகள் பின்வரிசையில் காத்திருக்கும். கூடவே நிர்வாகக் கட்டணமும் ஆரம்ப வருடங்களில் கழிந்துகொண்டிருக்கும். ஃபண்டின் மதிப்பை வரைந்து பார்த்தால் கோடு முதலில் கீழே இறங்கி, பிறகுதான் மேலே ஏறும். தொழிலில் இதை ஜே வளைவு என்பார்கள். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். அந்த இறக்கத்தில் நீங்கள் மூன்று நாலு வருடம் குடியிருக்க வேண்டும்.

எத்தனை தோற்கும்? கோரிலேஷன் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம் 2004 முதல் 2013 வரையிலான 21,000-க்கும் மேற்பட்ட முதலீட்டு ரவுண்டுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் ஏறத்தாழ 65 சதவீதம் போட்ட பணத்தைக்கூட முழுதாகத் திருப்பித் தரவில்லை. பத்து மடங்கோ அதற்கு மேலோ தந்தவை 4 சதவீதம் மட்டுமே. 25 நிறுவனங்களில் பணம் போடுகிறீர்கள் என்றால் சுமார் 16 உங்களைக் கைவிடும், ஒன்றே ஒன்று ஃபண்டைத் தூக்கி நிறுத்தும். எது அந்த ஒன்று என்பது நாலாவது வருடத்தில் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

வடிவமைப்பு மென்பொருள் செய்யும் ஃபிக்மாவைப் பாருங்கள். 2012-ல் தொடங்கியது. 2013-ல் இண்டெக்ஸ் வென்ச்சர்ஸ் அதன் முதல் ரவுண்டுக்குத் தலைமை தாங்கியது. பொருள் எல்லோருக்குமாக வெளிவந்தது 2016-ல், காசு வாங்க ஆரம்பித்தது 2017-ல். 2022 செப்டம்பரில் அடோபி 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. 2025 ஜூலையில்தான் பங்குச் சந்தைக்கு வந்தது. முதல் முதலீட்டிலிருந்து 12 வருடம். அதில் முதல் நாலு வருடம் வருமானம் என்று எதுவுமே இல்லை. அந்த நாலு வருடத்தில் ஒரு இளம் முதலீட்டாளர் தன் பட்டியலைப் பார்த்தால் ஃபிக்மாவும் மூடப்போகும் நிறுவனமும் ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

இந்த இறக்கத்தைத் தாண்ட மூன்று காரியம் செய்யலாம்.

முதலாவது, தோல்வி வருமுன்பே அதைப் பற்றி வீட்டிலும் சக பார்ட்னர்களிடமும் பேசிவையுங்கள். 'மூன்றாவது வருடம் என் முதலீடுகளில் நாலைந்து மூடியிருக்கும், அப்போது நான் சோர்ந்திருப்பேன்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவருக்கு அந்த நாள் வரும்போது விளக்கம் சொல்லும் பாரம் இருக்காது.

இரண்டாவது, தாளில் ஏறும் மதிப்பை வெற்றியாக எண்ணாதீர்கள். அடுத்த ரவுண்டில் யாரோ நிறுவனத்துக்கு அதிக மதிப்புக் கொடுத்தால் உங்கள் பங்கின் மதிப்பு ஏறும், தாளில் உள்ள மதிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் டிவிபிஐ என்ற அளவுகோலும் ஏறும். உண்மையில் திரும்பி வந்த பணத்தைக் காட்டுவது டிபிஐ. டிவிபிஐ ஏறியபோது துள்ளியவர்கள்தான் 2022-ல் அது இறங்கியபோது நிலைகுலைந்து போனார்கள். ஏறும்போது துள்ளாதவருக்கு இறங்கும்போது வலி குறைவு.

மூன்றாவது, பத்து வருடம் காத்திருக்காமல் இன்றே அளக்கக்கூடிய சில விஷயங்களைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பணம் தராமல் திருப்பி அனுப்பிய நிறுவனர் இன்னொரு நிறுவனரை உங்களிடம் அனுப்புகிறாரா? நிறுவனர்கள் கெட்ட செய்தியை முதலில் உங்களிடம் சொல்கிறார்களா, கடைசியிலா? பணம் போட்ட நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர்கள் நிலைக்கிறார்களா? ஒரு வருடத்துக்கு முன் நீங்கள் கேட்ட கேள்விகள் இன்று அவர்களுக்கு உண்மையிலேயே முக்கியமானவையாக இருக்கின்றனவா? இவை பணம் ஆகாது. ஆனால் நீங்கள் தேறுகிறீர்களா என்பதை இவற்றைவிட நேர்மையாகச் சொல்ல வேறு எதுவும் அந்த வருடங்களில் கிடையாது.

நாலாம் படி: முடிவு எடுத்த அன்றே நோட்டில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

பத்து வருடத்தில் மனம் நினைவுகளைத் திருத்தி எழுதிவிடும். வென்ற நிறுவனத்தை அன்றே கண்டுகொண்டதாகவும், தோற்றதில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகவும் நாமே நம்பத் தொடங்குவோம். அப்படி நம்பும் மனம் எதையும் கற்றுக்கொள்ளாது. எழுதிவைத்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

நான் வைத்திருப்பது சாதாரணக் கோடு போட்ட நோட்டு. ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். தேதி, தொகை, ஆம் அல்லது இல்லை. அதன் கீழே நாலு கேள்விக்குப் பதில்: எதை நம்பிப் போடுகிறேன்? எது நடந்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்வேன்? எதைக் கேட்கத் தயங்கினேன்? இன்று என் மனநிலை என்ன? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். என் நோட்டைப் புரட்டினால், அவசரப்பட்டுப் போட்ட முதலீடுகளில் பாதிக்கு மேல், வேறொரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்ட மாதத்தில் போட்டவை.

அதில் ஒரு பக்கம். சரக்குப் போக்குவரத்துக்கு மென்பொருள் செய்த ஒரு நிறுவனம். 'எதை நம்பிப் போடுகிறேன்' என்ற இடத்தில், 'இவர்களுடைய வழித்தடக் கணக்கீடு மற்றவர்களைவிட வேகமானது' என்று எழுதியிருந்தேன். 'எதைக் கேட்கத் தயங்கினேன்' என்ற இடத்தில், 'ஓட்டுநர்கள் இதை உண்மையில் பயன்படுத்துகிறார்களா' என்று இருந்தது. ஆறு வருடம் கழித்து அந்த நிறுவனம் நல்ல விலைக்குப் போனது. எல்லோரும் பாராட்டினார்கள். அன்றிரவு நோட்டைத் திறந்தேன். நான் நம்பிய கணக்கீட்டை அவர்கள் இரண்டாவது வருடமே தூக்கிப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர்களுக்குக் கூலி அன்றன்றே கணக்குத் தீர்க்கும் ஒரு சிறிய வசதியை இடையில் சேர்த்ததுதான் அவர்களை வளர்த்தது. நான் கேட்கத் தயங்கிய கேள்விக்குள்தான் விடையே இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் இல்லாவிட்டால், தொழில்நுட்பத்தை எடைபோடத் தெரிந்தவன் என்று இன்றுவரை என்னை நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய பக்கங்களைப் படியுங்கள், பக்க ஓரத்தில் வேறு நிற மையில் நடந்ததை எழுதுங்கள். அசல் வரிகளை அடிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: தவறவிட்டவற்றோடு வாழப் பழகுங்கள்

தவறான முதலீட்டில் அதிகபட்சம் போட்ட பணம் போகும். வேண்டாம் என்று சொன்ன நிறுவனம் பிறகு விஸ்வரூபம் எடுத்தால் அந்த இழப்புக்கு வரம்பே இல்லை, அதோடு வருடக்கணக்கில் செய்தியிலும் அதன் பெயர் கண்ணில் படும். பெஸ்ஸெமர் வென்ச்சர் பார்ட்னர்ஸ் தாங்கள் வேண்டாம் என்று விட்ட நிறுவனங்களின் பட்டியலைத் தாங்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆப்பிள், கூகுள், ஃபேஸ்புக், ஈபே எல்லாம் அதில் உண்டு. ஃபெடெக்ஸை ஏழு முறை விட்டதாக எழுதியிருக்கிறார்கள். இவ்வளவையும் தவறவிட்ட பிறகும் அவர்கள் மதிப்புள்ள நிறுவனமாகவே நிற்கிறார்கள்.

உங்கள் நோட்டில் 'இல்லை' என்று சொன்ன பக்கங்களையும் 'ஆம்' பக்கங்களைப் போலவே எழுதுங்கள். பொறாமை தலைதூக்கும்போது அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தால், அன்று கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவா, சோம்பலா என்று தெரியும். சோம்பலுக்கு மட்டும் வருந்துங்கள்.

ஆறாம் படி: மூடும் நிறுவனத்தை நடுவழியில் விடாதீர்கள்

முன்பு சொன்ன 25-ல் 16 நிறுவனங்கள் போகும் என்றால், கிட்டத்தட்ட 16 முறை ஒரு மனிதரின் எதிரே உட்கார்ந்து அவருடைய கனவு முடிந்துவிட்டது என்று பேச வேண்டும். இதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை. நீண்ட ஓட்டத்தில் மனதை அதிகம் தேய்ப்பதும் இதுதான்.

என் முதல் அனுபவம் மோசமானது. இரவு பதினோரு மணிக்கு ஒரு நிறுவனர் அழைத்தார். எடுத்தவுடன் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "இந்த மாதச் சம்பளத்துக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது, அடுத்த மாதம் இல்லை" என்றார். மூன்று மாதம் முன்பே கணக்கில் தெரிந்த விஷயம் அது. அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன், நான் கேட்பேன் என்று அவர் காத்திருந்தார். ஊழியர்கள் நிலுவைத் தொகைக்காக மாதக்கணக்கில் அலைந்தார்கள். அந்தக் குற்றவுணர்வு என்னை அடுத்த ஒரு வருடம் வேலையே செய்யவிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். நிறுவனத்தில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கும்போதே அடுத்து என்ன என்ற பேச்சை நான் தொடங்குவேன். மூன்று மாதத்துக்குக் குறையுமுன் முடிவு எடுத்தாக வேண்டும். ஊழியர் சம்பளம், நிலுவை, வரி, சட்டச் செலவு இவற்றுக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் கடைசி முயற்சிக்குச் செலவழிக்கலாம். வாடிக்கையாளர்களுக்கு அவர்களுடைய தரவை எடுத்துக்கொள்ள அவகாசம் தர வேண்டும். ஊழியர்களிடம் நிறுவனர் பேசும் நாளில் நீங்களும் அந்த அறையில் இருங்கள். மூடிய ஒரு மாதம் கழித்து நிறுவனரை அழைத்து, தொழில் பேசாமல் நலம் விசாரியுங்கள்.

இது இரக்கத்துக்காக மட்டும் இல்லை. நன்றாக மூடப்பட்ட நிறுவனத்தின் நினைவு உங்களைத் தூங்கவிடும். தூக்கம் கெட்டால் பத்து வருடம் ஓட முடியாது. அதே நிறுவனர் அடுத்த நிறுவனம் தொடங்கும்போது யாரை முதலில் அழைப்பார் என்பதும் அன்றுதான் முடிவாகிறது.

ஏழாம் படி: பிடிவாதத்தையும் பொறுமையையும் பிரித்தறியுங்கள்

காத்திருப்பது நல்லது என்று இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: எல்லாக் காத்திருப்பும் பொறுமை ஆகாது. ஃபண்டில் ஒரு பகுதிப் பணத்தைத் தொடர் முதலீட்டுக்காக ஒதுக்கி வைப்பார்கள். தடுமாறும் நிறுவனத்துக்கு அதிலிருந்து மேலும் மேலும் போடுவது, தப்பை ஒப்புக்கொள்ளும் நாளைத் தள்ளிப்போடும் வழியாக மாறிவிடும். நான் பின்பற்றும் சோதனை இது: இந்த நிறுவனத்தில் ஏற்கெனவே பணம் போடாமல், இன்றுதான் முதல் முறை சந்திக்கிறேன் என்றால் இந்த விலைக்குப் போடுவேனா? பதில் இல்லை என்றால் போடக்கூடாது. அந்த முடிவை அந்த முதலீட்டைக் கொண்டுவந்த பார்ட்னர் தனியாக எடுக்காமல், வேறொரு பார்ட்னர் எதிர்த்து வாதாட வேண்டும்.

வெல்லும் நிறுவனத்தில் சிக்கல் தலைகீழ். சீக்கிரம் விற்கும் ஆசை வரும். ஃபேஸ்புக்கில் ஆக்செல் என்ற வென்ச்சர் நிறுவனம் 2005-ல் 1.27 கோடி டாலர் போட்டது, ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வந்தது 2012 மே மாதம். அந்த ஏழு வருடத்தில் விற்றுவிட எத்தனை சந்தர்ப்பம் வந்திருக்கும்! அதே சமயம் எல்பிகளுக்கும் பணம் திரும்ப வேண்டும், அவர்கள் என்றென்றும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெரிதாக வளர்ந்த பங்கில் ஒரு சிறு பகுதியை இடையில் விற்று எல்பிகளின் கையில் பணம் காட்டிவிட்டு, மீதியை நிம்மதியாக வைத்திருப்பதுதான் என் அனுபவத்தில் நீண்ட நாள் ஓடியவர்கள் பெரும்பாலும் செய்தது. செக்கோயா என்ற பெரிய வென்ச்சர் நிறுவனம் 2021-ல் பத்து வருட ஃபண்ட் என்ற சுழற்சியையே விட்டு, முடிவு தேதி இல்லாத ஃபண்டுக்கு மாறியது. அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. நம்மில் பெரும்பாலோர் கடிகாரத்தோடுதான் வாழ வேண்டும்.

எட்டாம் படி: இரண்டு சந்தைச் சரிவையாவது எதிர்பாருங்கள்

அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான நாஸ்டாக் 2000 மார்ச் 10-ல் 5,048 புள்ளியில் உச்சம் தொட்டது. 2002 அக்டோபரில் அதில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்திருந்தது. பழைய உச்சத்தை மறுபடி தாண்டியது 2015-ல். 15 வருடம்: ஒருவரின் தொழில் வாழ்க்கையில் பாதி. 2021-ல் பணம் வெள்ளமாக ஓடியது, 2022-ல் வற்றியது, 2023 மார்ச்சில் ஸ்டார்ட்அப்புகளின் வங்கியாக இருந்த சிலிக்கன் வேலி பேங்க் இரண்டே நாளில் விழுந்தது. 25 வருடம் இந்தத் தொழிலில் இருந்தால் இப்படி இரண்டு மூன்று சரிவாவது உங்கள் மேல் விழும்.

நல்ல காலத்தில் ஃபண்டின் பணத்தை அவசரமாகச் செலவழிக்காமல் மூன்று நாலு வருடத்துக்குப் பரப்பிப் போடுங்கள். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் போட்டவர்கள் அந்த ஒரு வருடத்தின் விலைக்கு அடிமை. சரிவுக்குச் சற்று முன் போட்டதெல்லாம் வீண் என்றும் முடிவு கட்டாதீர்கள். கிளைனர் பெர்க்கின்ஸும் செக்கோயாவும் கூகுளில் சேர்ந்து 2.5 கோடி டாலர் போட்டது 1999 ஜூனில், உச்சிக்கு ஒன்பதே மாதம் முன்பு. அந்தக் காலத்தில் திரட்டிய ஃபண்டுகள் பொதுவாகக் கைசுட்டவை. கூகுள் 2004-ல் சந்தைக்கு வந்தது.

ஒன்பதாம் படி: உடம்பும் நாட்காட்டியும்

இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. ஒருவருக்கு எட்டு போர்டுக்கு மேல் உட்காருவது என் கணிப்பில் அதிகம். எட்டு நிறுவனமும் ஒரே நேரத்தில் நன்றாக இருக்காது, இரண்டு நிறுவனமாவது தீப்பிடித்துக்கொண்டிருக்கும். வாரத்தில் ஒரு அரைநாள் யாரையும் சந்திக்காமல் படிக்கவும் நோட்டு எழுதவும் ஒதுக்குங்கள். மாலைச் சந்திப்புகளில் பாதியை வெட்டுங்கள், ஒன்றும் குறையாது.

பத்தாம் படி: கூட இருப்பவர்கள், விலகும் நேரம்

தொழில் உறவுகள் பிரிவதில் கடுமையானது பார்ட்னர்கள் பிரிவது. சேருமுன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: கேரி எப்படிப் பிரிகிறது, முதலீட்டு முடிவில் ஒருவர் மறுத்தால் என்ன நடக்கும், இதற்கு முன் விலகியவர்கள் எப்படி விலகினார்கள். மூன்றாவது கேள்விக்கு, விலகியவர்களிடமே போய்ப் பதில் வாங்குங்கள்.

நீண்ட நாள் இருந்தாலே வெற்றி நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காஃப்மன் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அறக்கட்டளை 2012-ல் தான் முதலீடு செய்திருந்த 100 வென்ச்சர் ஃபண்டுகளை ஆராய்ந்து, கட்டணங்கள் போக அவற்றில் 62 பங்குச் சந்தையை மிஞ்சவில்லை என்று வெளியிட்டது. ஆகவே விலகுவது அவமானம் கிடையாது. எனக்குத் தெரிந்த விலகல் அறிகுறிகள் இரண்டு. புது நிறுவனரைச் சந்திக்கும்போது அவர் பேசி முடிக்குமுன் முடிவு மனதில் வந்துவிடுவது ஒன்று. நோட்டில் ஒரு வருடமாக ஒரு பக்கமும் எழுதாமல் இருப்பது இன்னொன்று. சரிவு வருடத்தில் மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள், களைப்பும் விருப்பமின்மையும் அப்போது ஒன்றுபோலத் தெரியும். இரண்டு புது ஃபண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் விலகச் சரியான நேரம்.

விலகும்போது போர்டு இருக்கைகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றுங்கள். நிறுவனருக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்து வரும் பார்ட்னரை அழைத்துக்கொண்டு ஒரு போர்டு கூட்டத்திலாவது பக்கத்தில் உட்காருங்கள். பிறகு அந்த நிறுவனத்தைப் பற்றி நோட்டில் எழுதிய பக்கத்தைப் பிரதி எடுத்து அவர் கையில் கொடுங்கள், கேட்கத் தயங்கிய கேள்வி இருக்கும் வரியோடு சேர்த்து. அதன் விடை வரும் நாளில் அந்த நாற்காலியில் அவர்தான் இருப்பார்.